அம்மாவின் கட்டைவிரலை மெஷின் படிக்கவில்லை: பால்மரம் வெட்டிய கையின் ரேகை எங்கே போகிறது?

மலர், சுங்கை சிப்புட், மலேசியா (ஞாயிறு, இரவு 9.40)

வெள்ளிக்கிழமை அம்மாவை டவுனில் இருக்கும் பேங்குக்குக் கூட்டிப் போனேன். ஏடிஎம் கார்டு தொலைந்துவிட்டது, புதிது எடுக்க வேண்டும். ஐசியை, அதாவது அடையாளக் கார்டைக் கருவியில் செருகிவிட்டு வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. ஐந்தாறு தடவை ஆகிவிட்டது, பின்னால் வரிசை நீண்டது. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். கடைசியில் அவர், "ஆன்ட்டி, உங்க விரல்ல ரேகையே இல்லையே" என்று மலாயில் சொன்னதும் அம்மா கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். வேலை முடியாமலேயே திரும்பி வந்தோம். வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உண்மைதான். வலது கட்டைவிரல் தேய்ந்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அம்மாவுக்கு 73 வயது. பன்னிரண்டு வயதில் பாட்டிகூட மங்கு (பால் வடியும் கோப்பை) துடைக்கப் போனவர். பிறகு தனி நிரை (மர வரிசை) பிடித்து, விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கினார்.

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கைநாட்டுதான். சம்பளப் புத்தகத்தில் கட்டைவிரல், கடன் சீட்டில் கட்டைவிரல். அம்மா தோட்டப் பள்ளியில் நாலாவது வரை படித்தவர், அழகாகக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை இன்று யாரும் கேட்பதில்லை, விரலைத்தான் கேட்கிறார்கள். அந்த விரலில் ஒன்றும் இல்லை.

ரேகை அழியுமா? அழிந்தால் திரும்ப வருமா? பால்மரம் வெட்டியதால்தான் இப்படி ஆனதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராணி மகன் (ஞாயிறு, இரவு 10.15)

எங்கப்பா தோட்ட ஆபீஸ்ல கிராணியா (கிளார்க்கா) இருந்தவரு. சம்பள நாளன்னிக்கி மேசையில மை டப்பா வச்சிருப்பாங்க. அப்பா சொல்லுவாரு, "வெட்டுக்காரங்க விரலைப் புடிச்சு உருட்டினா சில பேருக்கு வெறும் கறுப்பு வட்டம்தான் விழும், கோடு விழாது"ன்னு. அப்ப யாரும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கல, மை விழுந்தாப் போதும், காசு குடுத்துடுவாங்க. இப்ப மெஷின் கோட்டை எண்ணுது.

சின்ன வயசுல நாங்க கையில காஞ்ச பாலை உரிச்சு விளையாடுவோம், ஞாபகம் இருக்கா? தோல் மாதிரியே மெல்லிசா வரும், விரல் வரி அச்சா அதுல பதிஞ்சிருக்கும். முழங்கையில ஒட்டுனா முடியோட சேர்த்துப் புடுங்கும். உங்கம்மா விரல் அச்சு எத்தனை ஆயிரம் ஒட்டுப்பால்ல பதிஞ்சு ஸ்டோருக்குப் போயிருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன்.

லேப் அக்கா (திங்கள், காலை 6.50)

மலர், அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ரேகை போகவில்லை. மேலே தெரியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் 28 வருஷம் இருந்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோலில் இரண்டு அடுக்கு. மேல்தோல் மெல்லியது, கீழிருந்து புதுசு புதுசாக வளர்ந்து மேலே வந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். இளம் வயதில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழுசாக மாறிவிடும், வயதானால் இன்னும் மெதுவாக. அதன் அடியில் இருப்பது உள்தோல். ரேகையின் வடிவம் இருப்பது இரண்டும் சேரும் இடத்தில். முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பிழிந்த முறுக்கு உடையலாம், அச்சு உடையாது, அடுத்ததும் அதே வடிவத்தில்தான் வரும். மரம் வெட்டியோ சிமெண்டு குழைத்தோ மேல்தோல் தேய்ந்தால், கைக்கு ஓய்வு கொடுத்த சில வாரங்களில் பழைய கோடு திரும்பிவிடும்.

அமெரிக்காவில் ஜான் டில்லிங்கர் என்ற பிரபல வங்கிக் கொள்ளையன் விரல் நுனிகளை அமிலம் ஊற்றி அழித்துப் பார்த்தான். 1934இல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது மீதமிருந்த ரேகையை வைத்தே அவன்தான் என்று உறுதி செய்தார்கள்.

அம்மாவுக்கு இப்போது இருப்பது பெரும்பாலும் வயதால் வருவது. வயதாக ஆக அந்த அச்சே தட்டையாகும், மேடு பள்ளம் குறையும். தோல் வறண்டு, இழுவைத்தன்மை போய்விடும். ரேகை மேடுகளின் மேல் வரிசையாக வியர்வைத் துளைகள் உண்டு, அந்த ஈரம்தான் கருவிக்குக் கோட்டைக் காட்டிக் கொடுக்கிறது. வறண்ட விரல் கண்ணாடியில் சரியாக ஒட்டாது, படம் விட்டு விட்டு விழும்.

மலர், சுங்கை சிப்புட் (திங்கள், மதியம் 1.05)

நன்றி அக்கா. ஆனால் படித்ததும் மனசுக்குள் ஏதோ குத்தியது, மறைக்காமல் சொல்கிறேன். வயதுதான் காரணம் என்றால் முப்பது வருஷ உழைப்புக்கு இதில் பங்கே இல்லையா? எதிர்வீட்டு ஆசிரியைக்கு 78 வயது, ஓய்வு பெற்றவர். அவர் விரலை மெஷின் ஒரே தடவையில் படிக்கிறது.

லேப் அக்கா (திங்கள், மதியம் 2.30)

கேட்டது நியாயம். நான் அவசரத்தில் பாதியை விட்டுவிட்டேன்.

உழைப்புக்குப் பங்கு உண்டு. மேல்தோல் தேய்ந்தால் திரும்பும் என்றேன். ஆனால் கத்தி உள்தோல் வரை இறங்கினால் அந்த இடத்தில் அச்சே வெட்டுப்படுகிறது. அங்கே வருவது தழும்பு, ரேகை அல்ல. கட்டைவிரலில் குறுக்கே தழும்பு என்றீர்களே, அது ஆயுசுக்கும் போகாது. ஐசியில் பதிந்த ரேகையோடு இன்றைய விரலை ஒப்பிடும்போது, இடையில் பட்ட வெட்டு எல்லாம் வேறுபாடாகத்தான் தெரியும். அதோடு பட்டைச் சுரண்டல், மங்கில் ஒட்டிய பாலை இழுப்பது, பால் உறையப் போடும் பார்மிக் ஆசிட் எல்லாம் இருக்கின்றன. கட்டெறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலத்தின் பெயரே எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். செம்பனைக்குப் போனபின் உதிரிப்பழத்தின் நாரும் முள்ளும். தேய்ந்த தோல் திரும்ப ஓய்வு வேண்டும். உங்கள் அம்மாவின் விரலுக்கு அந்த ஓய்வு எந்த வருஷம் கிடைத்தது?

ஆசிரியைக்கும் அம்மாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வயது இருவருக்கும் பொது, வேலை பொது அல்ல.

தஞ்சாவூர்க்காரன் (திங்கள், மாலை 6.20)

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே "ரேகை விழல" என்பது தினம் கேட்கும் பேச்சு. 2020இல் ரேஷன் கடைகளில் விரல் வைக்கும் முறை வந்தபிறகு நடவுக்குப் போகும் அம்மாக்கள், செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் கடை வாசலில் விரலைத் தேய்த்துத் தேய்த்து நின்றார்கள். இப்போது பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவி வந்திருக்கிறது. என் மாமியாருக்கு அதுதான் கைகொடுத்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் நாடி ஜோதிடம் பார்க்க வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போவார்கள். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகையை எடுத்துக்கொண்டுதான் ஓலையைத் தேடுவார்கள். விரல் நுனியில் சுழி முழு வட்டமாக இருந்தால் சக்கரம், ஒரு பக்கமாகத் திறந்திருந்தால் சங்கு என்று ஆத்தா எண்ணிச் சொல்வாள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் விரலை இத்தனை கவனமாகப் பார்த்த மக்கள் நாம் என்பதில் சந்தோஷம் உண்டு.

பழைய வரலாற்று வாத்தியார் (திங்கள், இரவு 9.00)

சங்கு சக்கரம் என்று நம் ஆத்தாக்கள் பிரித்ததைத்தான் 1892இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தன் புத்தகத்தில் சுழல், கண்ணி, வில் என்று மூன்றாக வகுத்தார். மனிதர்களிடம் அதிகம் காணப்படுவது கண்ணி, அதாவது சங்கு. வில் மிகக் குறைவு.

கைநாட்டு அரசாங்கக் காரியமாக மாறிய கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1858இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரக்கு கொடுக்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துப் பத்திரத்தின் பின்பக்கம் பதியவைத்தார். பின்னால் ஹூக்ளியில், 1877 வாக்கில், பென்ஷன் வாங்குபவர்களின் விரலைப் பதிய வைத்தார். இறந்தவர் பெயரில் வேறு யாரோ காசு வாங்கிக்கொண்டு போவதைத் தடுக்க வேண்டியிருந்தது. மலர், உங்கள் அம்மா நின்ற வரிசையின் தொடக்கம் அங்கே.

1897இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் திறந்தார்கள். லட்சக்கணக்கான ரேகையில் ஒன்றைத் தேடி எடுக்கும் கணக்கை உருவாக்க உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் ஹென்றி முறை என்று அழைத்தது. இதை வகுப்பில் சொல்லாமல் நான் விட்டதே கிடையாது.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த வருஷமே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படத்தோடும் கட்டைவிரல் ரேகையோடும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஐசியின் பாட்டி அதுதான். 2001இல் மைகார்டு என்ற இன்றைய ஐசி வந்தபோது அந்த ரேகை மையை விட்டுச் சில்லுக்குள் (சிப்) போனது. ஆக, மலாயாவில் எல்லார் கட்டைவிரலையும் கேட்கும் பழக்கம் உங்கள் ஊரில் கேட்ட துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு வந்தது. அதே ஊரில் ஒரு வெட்டுக்காரம்மா விரலில் கோடில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதைப் படித்து நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிராணி மகன் (திங்கள், இரவு 9.35)

ஐயா, இது எனக்குத் தெரியாது. எங்க தாத்தா ஐசி இன்னும் வீட்டுல இருக்கு. சிவப்பு ஐசி. குடியுரிமை கிடைக்காமலே போயிட்டாரு. அதுல விரல் அச்சு இருக்கான்னு பெட்டியத் தொறந்து பாக்கணும்.

இரட்டையர் அம்மா (செவ்வாய், காலை 10.10)

இடையில் ஒரு கேள்வி. எனக்கு இரட்டைப் பெண்கள், ஒரே முகம், தாத்தாவுக்கே யார் யாரென்று தெரியாது. ஆனால் ஐசி எடுக்கப் போனபோது ரேகை வேறு வேறு என்றார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த பிள்ளைகளுக்கு அது எப்படி? இன்னொன்று, இரண்டுமே மாநிறம், உள்ளங்கை மட்டும் ஏன் வெளுப்பு என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

லேப் அக்கா (செவ்வாய், மதியம் 12.40)

உள்ளங்கைக்கு முதலில். அங்கே இருக்கும் உள்தோல் செல்கள் டிகேகே1 என்ற புரதத்தை நிறையச் சுரக்கும், நிறம் தரும் செல்களை அது அடக்கி வைக்கும். 2004இல் இதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கையில் மேல்தோல் தடிமன், அதனால்தான் மருதாணியும் அங்கேதான் நன்றாகச் சிவக்கிறது, புறங்கையில் அவ்வளவு ஏறாது.

ரேகை, வயிற்றில் பிள்ளை மூன்று மாதத்தைத் தாண்டும் சமயத்தில் வரத் தொடங்குகிறது. விரல் நுனியின் நடுவிலும், நகத்துக்குக் கீழேயும், மூட்டு மடிப்பிலும் என்று மூன்று இடத்திலிருந்து மேடுகள் அலை அலையாகப் பரவி ஒன்றோடொன்று முட்டும். அவை முட்டும் விதத்தில்தான் சங்கும் சக்கரமும் உருவாகின்றன. எடின்பரோ ஆய்வாளர்கள் 2023இல் இதை விளக்கினார்கள். ஒன்றைத் தூண்டும் பொருளும் அதை அடக்கும் பொருளும் சேர்ந்தால் தானாகவே வரிகள் உருவாகும் என்று கணித மேதை ஆலன் டூரிங் 1952லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார், வரிக்குதிரையின் வரிக்கும் அந்தக் கணக்கைச் சொல்வார்கள். பொதுவான சாயலை மரபணு தருகிறது. ஆனால் எந்தக் கோடு எங்கே கிளை பிரியும் என்பதை விரலின் அளவு, அந்த நேரத்தில் நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள் எல்லாம் தீர்மானிக்கின்றன. ஒரே வாசலில் அக்காவும் தங்கையும் ஒரே புள்ளி வைத்துக் கோலம் போட்டாலும் கோடு ஒரே மாதிரி விழாது இல்லையா?

சிங்கை வாசு (செவ்வாய், இரவு 8.15)

மருந்தாலும் ரேகை போகும். புற்றுநோய்க்கு கேப்சிட்டபைன் மாத்திரை சாப்பிட்ட 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள், விரல் பதியவில்லை என்று. அவருடைய மருத்துவர் 2009இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். பிறவியிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உண்டு. ஸ்விட்சர்லாந்துக் குடும்பம் ஒன்றில் அதற்குக் காரணமான மரபணுவை 2011இல் கண்டுபிடித்தார்கள்.

மலர், அம்மா பாத்திரம் கழுவிய கையோடு பேங்குக்குப் போனாரா? தண்ணீரில் ஊறினால் விரல் சுருங்கும், அப்போதும் கருவி தடுமாறும். தோல் தண்ணீர் குடித்து ஊதுவதால் சுருங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நரம்பு அறுபட்ட விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்று 1936லேயே எழுதியிருக்கிறார்கள். விரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் அது நடக்கிறது என்று காட்டியவர்கள் எங்கள் சிங்கப்பூர் மருத்துவர்கள், 2003இல். ஈரப் பொருளைப் பிடிக்க அது உதவுகிறது என்று ஒரு ஆய்வு சொல்லியது, இன்னொன்று மறுத்தது.

பாகான் செராய் கோமதி (புதன், காலை 7.30)

எங்கள் அப்பாயி சேலத்திலிருந்து கப்பலேறி வந்தவர். முன்கையில் பச்சை குத்தியிருந்தார், கோலமும் ஒரு தேளும். ரேகை தேய்ந்த அதே கையில் அந்தப் பச்சை மட்டும் கடைசி நாள் வரை இருந்தது. விளக்குக் கரியில் குத்தியது எப்படி அத்தனை வருஷம் நின்றது? கரி கறுப்பு, பச்சை ஏன் நீலம் பாய்ந்து தெரிகிறது?

லேப் அக்கா (புதன், காலை 9.00)

கோமதி, ஊசி மேல்தோலைத் தாண்டி உள்தோலில் கரியை விடுகிறது. உள்தோல் உதிர்வதில்லை. அங்கே காவல் செல்கள் ஓடிவந்து கரியை விழுங்கிக்கொள்ளும், செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் செல் செத்தால் கரி வெளியே விழும், பக்கத்தில் வரும் புதுச் செல் அதை எடுத்துக்கொள்ளும். பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் இதைக் கண்டார்கள். அப்பாயி கையிலிருந்த தேளை அவர் உடம்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி ஏந்திக்கொண்டிருந்திருக்கிறது. நீலம் தெரிவது ஒளியால். தோலுக்குள் ஆழம் போகும் சிவப்பு ஒளியைக் கரி விழுங்கிவிடுகிறது, மேலேயே சிதறும் நீலம் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. கையில் இரத்தக் குழாய் பச்சையாகத் தெரிவதற்கும் இதற்கும் உறவு உண்டு.

மலர், இனி அம்மாவுக்குச் செய்ய வேண்டியது. பத்து நாள் பாத்திரமும் சோப்புத் தூளும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணி சுற்றிப் படுக்கட்டும். போகும் அன்று எண்ணெய் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் உள்ளங்கையில் உரசிச் சூடாக்கிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். நுனியை அழுத்திக் குத்தக் கூடாது, விரல் வயிற்றுப் பகுதியைப் படுக்கையாக, மெல்ல வைக்க வேண்டும். பலமாக அழுத்தினால் இருக்கிற மேடும் நசுங்கிவிடும். முக்கியமாக, மைகார்டில் இரண்டு கட்டைவிரலும் இருக்கிறது. இடதை வைத்துப் பார்த்தார்களா?

மலர், சுங்கை சிப்புட் (புதன், இரவு 10.20)

இல்லை அக்கா. இடது கையைக் கேட்கவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

கிராணி மகன் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மரத்துல வலது கைதான் முன்னாடி போகும், கயிறா ஒட்டியிருக்கிற பாலை வலது கட்டைவிரலாலதான் தள்ளி எடுப்போம், இடது கை சும்மா கூடப் போகும்" என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. பிறகு எந்த நிரையில் எத்தனை மரம், எந்த மரம் அதிகம் பால் தரும், வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நிற்காமல் ஓடும் என்று பேசிக்கொண்டே போனார். பாதி எனக்குத் தெரியாதது.

மலர், சுங்கை சிப்புட் (பத்து நாள் கழித்து, சனி, காலை 11.45)

நேற்று போனோம். அக்கா சொன்னபடி எல்லாம் செய்தோம், எண்ணெய்த் துணியைத்தான் அம்மா பாதி ராத்திரியில் அவிழ்த்துப் போட்டுவிடுவார்.

வலது விரல் மூன்று தடவையும் சிவப்பு. இடது கட்டைவிரலை வைக்கலாமா என்று கேட்டேன். அதே பெண்தான் இருந்தார், கருவியைத் தானே அம்மா பக்கம் திருப்பி வைத்தார். முதல் தடவை சிவப்பு. அம்மா கையை எடுத்து மறு கையில் உரசினார், அடுப்பங்கரையில் குளிர் காய்வது போல. மறுபடி வைத்தார். பச்சை.

புதுக் கார்டு வாங்கியதும் அங்கேயே இருநூறு வெள்ளி எடுத்தார். எனக்கு அவசரம், காரை வழியில் நிறுத்தியிருந்தேன். அம்மா நகரவில்லை. சுவரோரமாக நின்று, நாக்கு நுனியில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, அந்த வலது கட்டைவிரலாலேயே ஒவ்வொரு நோட்டாகத் தள்ளித் தள்ளி இரண்டு தடவை எண்ணினார்.